பூண்டு வந்த வழி



நம் அடுப்படியில் பூண்டில்லாத நாள் குறைவு. ரசத்துக்கு நாலு பல் தட்டிப் போடுகிறோம். பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக் குழம்பு வைத்துக் கொடுக்கிறோம். ஆனால், லயத்துக் கொல்லையில் மிளகாயும் வெண்டையும் காய்க்க, பூண்டு மட்டும் விளைவதில்லை. ஒரு பல்லை ஊன்றினால் முளைக்கும், தாளும் விடும். அடியில் பூண்டு திரளாது. குறை நம் மண்ணில் இல்லை, பருவத்தில் இருக்கிறது.

நடு ஆசியாவின் மலைநாடுகளே பூண்டின் தாயகம் என்பர் தாவர இயலார். அங்கே கடுங்குளிர், பிறகு வறண்ட கோடை. குளிர் தீருமட்டும் பூண்டு மண்ணுக்குள் காத்திருக்கும். பகல் நீளத் தொடங்கியதும் மளமளவென்று வளர்ந்து, கோடை சுடுவதற்குள் உணவையெல்லாம் பற்களில் சேர்த்துவிட்டுத் தாள் காய்ந்துபோகும். ஆண்டு முழுதும் வெப்பமும், ஏறக்குறைய ஒரே அளவான பகலும் உள்ள நம் தாழ்நிலத்தில் அந்தக் குளிருக்கு எங்கே போவது? ஆகவே நம் கடைப் பூண்டு பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. அங்கே ஷான்டோங் மாநிலத்தில் இலையுதிர் காலத்தில் ஊன்றி, பனிக்காலம் கடந்து, மே, ஜூன் வாக்கில் பிடுங்குகிறார்கள்.

பழைய எகிப்திலும் பூண்டு உண்டு. 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துத்தன்காமன் மன்னனின் கல்லறையில், 3,300 ஆண்டுகளுக்கு முன் வைத்த பூண்டு கிடைத்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஒரு செய்தி எழுதினார். பெரிய பிரமிடைக் கட்டிய தொழிலாளருக்கு முள்ளங்கி, வெங்காயம், பூண்டு வாங்கிய செலவு 1,600 தாலந்து வெள்ளி என்று அதில் பொறித்திருந்ததாம். பிரமிடு எழுந்து 2,000 ஆண்டு கழித்துக் கேட்ட பேச்சு. தொகையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும், கல் சுமந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று ஒருவர் எழுதி வைத்தாரே, அது அபூர்வம்தான்.

அரசன் கல்லறையில் பூண்டு காய்ந்து கிடந்தது. நம் கைக்கு வந்த பூண்டோ உயிரோடு வந்தது. எப்படி? நாம் உண்ணும் பூண்டு விதை தருவதில்லை. பல்லைத்தான் ஊன்ற வேண்டும். பல்லும் அடுத்த பருவத்துக்கு மேல் தாங்காது. எனவே ஒவ்வோர் அறுவடையிலும் யாராவது நல்ல பூண்டாகப் பொறுக்கி, தின்னாமலும் விற்காமலும் ஒதுக்கியாக வேண்டும். பஞ்ச காலத்தில் அது லேசான காரியமா? ஊரெல்லாம் ஒரே ஓர் ஆண்டு விதைப்பூண்டைச் சமைத்துவிட்டால், அந்த வகை அவ்வூரில் அதோடு போயிற்று. ஒதுக்கி வைத்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

தமிழ்நாட்டுக் கொடைக்கானலிலும் இதே கதைதான். சுமார் 7,000 அடி உயரத்து மலைக்குளிர் அங்கே பூண்டுக்குக் கைகொடுக்கிறது. மே வாக்கில் ஒரு நடவு, நவம்பர் வாக்கில் ஒரு நடவு. 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தையில் நல்ல விலை போகும்போதும், அங்குள்ள குடியானவர் அடுத்த நடவுக்கு வேண்டியதை எடுத்து வைத்த பிறகுதான் மூட்டை கட்ட முடியும்.