விழுப்புண்ணும் நோயும்: முன்னாள் படைவீரரைப் பேணுதலில் கிறித்தவ அறம்

முன்னுரை

போரில் முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை 'விழுப்புண்' எனச் சிறப்பிப்பது தமிழ் மரபு. புறமுதுகிற்பட்ட புண்ணுக்கு இப்பெயர் இல்லை. நோயினால் வந்த புண்ணுக்கும் இல்லை. ஊறு எங்கே, எச்சூழலில் நேர்ந்தது என்பதே வீரன் பெறும் மதிப்பினை வரையறுத்தது என்பதனை இச்சொல்லாட்சி உணர்த்துகின்றது. இப்பார்வை தமிழுக்கு மட்டும் உரியதன்று. பதக்கம், ஓய்வூதியம், நினைவுத்தூண் ஆகியவற்றால் படைவீரரைப் போற்றும் இக்கால அரசுகளும் 'இவ்வூறு போரினால் நேர்ந்ததா?' என்னும் வினாவையே பெரும்பாலும் முன்வைக்கின்றன. அவ்வாறாயின், போர் முடிந்து ஊர் திரும்பி, நோயாலும் தனிமையாலும் நலிந்த படைவீரனைப் பேணுவார் யார்? அவனுக்குரிய மதிப்பு எதனை அடிப்படையாகக் கொண்டது? இவ்வினாக்களுக்கு ஐரோப்பியக் கிறித்தவ மரபு தந்த விடைகளை, இங்கிலாந்தின் லெனார்ட் செஷயர் (1917 – 1992) ஆற்றிய பணியை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

மடத்திலிருந்து அரசுக்கு

படைத்தொழில் குறித்துத் தொடக்கக்காலக் கிறித்தவரிடையே ஒருமித்த கருத்து நிலவவில்லை. கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெர்த்துலியன் கிறித்தவர் படையிற் சேர்வதனைக் கடுமையாக மறுத்தார். பின்வந்த அகுஸ்தீன் சில வரையறைகளுக்கு உட்பட்டுப் போரினை ஏற்றார். இவ்விரு நிலைகளுக்கும் இடையில் மக்கள் மனத்தில் நிலைத்த உருவம் தூர் நகரத்து மார்ட்டினுடையது. உரோமைப் படைவீரராக இருந்த காலத்தில், ஆமியான் நகர வாயிலில் குளிரால் வாடிய இரவலன் ஒருவனுக்குத் தம் மேலாடையை வாளால் இரண்டாக அறுத்து ஒரு பாதியை அவர் அளித்தார் எனச் சுல்பிசியஸ் செவெரஸ் எழுதிய வாழ்க்கை வரலாறு கூறும். பின்னர் அவர் படையினை நீங்கித் துறவியானார். அவருக்குரிய திருநாள் நவம்பர் 11. முதல் உலகப்போர் 1918இல் ஓய்ந்த நாளும் அதுவே. தற்செயலாக அமைந்ததே எனினும், படைவீரரை நினைவுகூரும் நாளும் படைவீரராயிருந்த ஒரு துறவியின் திருநாளும் ஒன்றாயின.

பிரான்சில் ஊனமுற்ற படைவீரரை மடங்களில் தங்கவைத்து உணவும் உறையுளும் அளிக்கச் செய்வது அரசர்களின் வழக்கமாக இருந்தது. பதினான்காம் லூயி 1670இல் பாரிசில் இன்வாலிட் மனையை நிறுவ ஆணையிட்டபோது, மடங்கள் இதன்பொருட்டுச் செலுத்தி வந்த தொகை அம்மனைக்குத் திருப்பப்பட்டது. இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் 1682இல் செல்சியா மனைக்கு அடிக்கல் நாட்டினார். கிறிஸ்டோபர் ரென் வடிவமைத்த அக்கட்டடத்தில் 1692இல் படைவீரர் குடியேறினர். இரு மனைகளிலும் வழிபாட்டிடம் முதன்மையான இடம் பெற்றது. எனினும் நிகழ்ந்த மாற்றம் பெரிது. மடத்தின் அறமாக இருந்தது அரசின் கடமையாயிற்று. இதனால் உதவியில் ஓர் உறுதி ஏற்பட்டது. அதே வேளையில் தகுதி, பணிக்காலம், ஊறு ஆகியவற்றை அளந்து பார்க்கும் முறையும் வலுப்பெற்றது. செல்சியாவில் இடம் பெற்றோர் சிலரே. ஏனையோர் வெளியிலிருந்து ஓய்வூதியம் மட்டும் பெற்றனர்.

முதல் உலகப்போருக்குப் பின் இப்போக்கு மேலும் தெளிவுற்றது. போர்க்களத்துக் குருவாகப் பணியாற்றிய டேவிட் ரெயில்டன் என்பாரின் கருத்தினை ஏற்று, பெயரறியாப் படைவீரர் ஒருவரின் உடல் 1920 நவம்பர் 11இல் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. உயிரோடு திரும்பியோரின் நலனுக்காகப் பிரித்தானிய லீஜன் 1921இல் தோன்றியது. மாண்டோரைப் போற்றும் சடங்கு கோயிலுக்குள்ளும், மீண்டோரைப் பேணும் பணி பெரிதும் கோயிலுக்கு வெளியிலுமாகப் பிரிந்தன எனலாம்.

தோல்வியுற்ற குடியிருப்பு

இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு விமானப் படைப்பிரிவுகளை நடத்திய செஷயர், 1944இல் பிரித்தானியாவின் மிகவுயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா கிராஸைப் பெற்றார். ஒரு தனி வீரச்செயலுக்காக அன்றி, நான்காண்டுகளில் ஏறத்தாழ நூறு தாக்குதற் பயணங்களில் காட்டிய இடையறாத் துணிவுக்காக அது வழங்கப்பட்டது. 1945 ஆகஸ்டு 9இல் நாகசாகியின்மீது அணுகுண்டு வீசப்பட்டதனைப் பிரித்தானியப் பார்வையாளராக விமானத்திலிருந்து கண்டார். அடுத்த ஆண்டு படையினை நீங்கினார்.

1946இல் 'வேட் இன் பாசெம்' என்னும் இலத்தீன் பெயரில் முன்னாள் படைவீரருக்கான கூட்டுக் குடியிருப்பு ஒன்றனை அவர் தொடங்கினார். 'அமைதியோடு செல்க' என்பது இத்தொடரின் பொருள். போர்க்காலத் தோழமையைப் போருக்குப் பின்னும் நிலைநிறுத்துவது அவரது நோக்கம். ஹாம்ப்ஷயரில் உள்ள லெ கோர்ட் என்னும் பெருமாளிகையும் இதற்காகப் பெறப்பட்டது. ஆயின் குடியிருப்பு 1947இல் கலைந்தது. கடனும் வெற்று மாளிகையும் எஞ்சின. பொது எதிரி மறைந்தபின் தோழமை தானே நிலைக்காது என்பதனை இத்தோல்வி காட்டிற்று.

ஒருவரின் வருகை

அக்குடியிருப்பில் முன்னர் வாழ்ந்தவரும் வான்படையில் பணியாற்றியவருமான ஆர்தர் டைக்ஸ் 1948இல் புற்றுநோயால் மரணப்படுக்கையில் இருந்தார். மருத்துவமனை அவருக்குச் செய்யத்தக்கது ஏதும் எஞ்சியிருக்கவில்லை. அவரது நிலை அவரிடமே மறைக்கப்பட்டிருந்தது. உடல்நலம் தேறும் வரை வண்டி வீடு ஒன்றனை நிறுத்திக்கொள்ளச் சிறிது நிலம் வேண்டும் என்பதே அவர் செஷயரிடம் கேட்டது. செஷயர் உண்மை நிலையை அவரிடம் எடுத்துரைத்து, லெ கோர்ட்டுக்கு அழைத்து வந்தார். செவிலியர் பணியைத் தாமே கற்று, குளிப்பாட்டல், உணவூட்டல், இரவில் உடனிருத்தல் ஆகியவற்றைச் செய்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் டைக்ஸ் இறந்தார்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு கூறுகள் நோக்கத்தக்கன. முதலாவது, டைக்ஸின் நோய் விழுப்புண் அன்று. போரில் ஊறுபட்டார் என்பதற்காக அவர் பேணப்படவில்லை. போக இடமில்லை என்பதற்காகவே பேணப்பட்டார். ஆதலின் அவர் படுத்திருந்தபோதே முதுமையால் படுக்கையுற்ற மூதாட்டி ஒருவரும் அங்கே சேர்க்கப்பட்டார். 1949 கோடையில் லெ கோர்ட்டில் 24 பேர் வாழ்ந்தனர். வீரருக்கென எண்ணப்பட்ட மனை, வீரர் ஒருவரின் நோய் வழியாகவே அனைவருக்கும் திறந்தது.

இரண்டாவது, தொண்டுக்கும் நம்பிக்கைக்கும் உள்ள வரிசைமுறை. தொண்டு நம்பிக்கையின் வெளிப்பாடு என்பது பொதுவாகக் கூறப்படும் கருத்து. செஷயரிடம் அது முழுமையாகப் பொருந்தவில்லை. டைக்ஸ் கத்தோலிக்கர், செஷயர் அன்று அச்சமயத்தினர் அல்லர். டைக்ஸின் இறுதி நாள்களும், அவர் இறந்தபின் வாசித்த வெர்னான் ஜான்சனின் நூலும் செஷயரின் தேடலை முடிவுக்குக் கொணர்ந்தன. 1948 டிசம்பர் 24இல் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். பேணப்பட்டவரே பேணியவருக்கு வழிகாட்டினார் என்பது இதனாற் பெறப்படும்.

இந்தியாவில்

செஷயர் 1955இல் இந்தியா வந்தார். பம்பாயின் அந்தேரியில் நாட்டின் முதல் செஷயர் இல்லம் 1956இல் தோன்றியது. போரின்போது போலந்து நாட்டு மறைமுகப் போராளிகளுக்குத் துணைநின்ற பிரிவில் பணிபுரிந்தவரும், போருக்குப் பின் அகதிகளுக்குத் தொண்டாற்றியவருமான சூ ரைடரை 1959இல் பம்பாயில் அவர் மணந்தார். அதே ஆண்டில் இருவரும் டேராடூனில் 'ரஃபேல்' என்னும் மையத்தை நிறுவினர். 'இறைவன் குணமாக்குகிறார்' என்பது இவ்வெபிரேயப் பெயரின் பொருள். தொழுநோயாளரும் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளும் அங்கு இடம்பெற்றனர். இல்லங்கள் எல்லாச் சமயத்தவரையும் ஏற்றன. மதமாற்றத்தை நோக்கமாகக் கொள்ளவில்லை.

எதிர்க்குரல்

இவ்வரலாற்றினைப் புகழுரையாக மட்டும் முடித்தல் தகாது. லெ கோர்ட்டில் 1956 முதல் 1970 வரை வாழ்ந்த பால் ஹன்ட் என்பாரும் உடனுறைந்தோரும் இல்ல நிருவாகத்தின் கட்டுப்பாடுகளை 1960களில் எதிர்த்தனர். எப்போது உறங்குவது, யாரோடு பழகுவது என்பவற்றைத் தாமே முடிவு செய்யும் உரிமையை வேண்டினர். ஹன்ட் தொகுத்த 'ஸ்டிக்மா' என்னும் நூல் 1966இல் வெளிவந்தது. 1972இல் கார்டியன் நாளிதழுக்கு அவர் எழுதிய மடல் மாற்றுத்திறனாளர் உரிமை இயக்கம் ஒன்று உருவாகக் காரணமாயிற்று. 1979இல் லெ கோர்ட்வாசிகள் சிலர் 'புராஜெக்ட் 81' என்னும் குழுவை அமைத்து, இல்லத்துக்குச் செலவிடப்படும் பொதுப்பணத்தைத் தம்மிடமே அளித்தால் தனிவீடுகளில் வாழ இயலும் என வாதிட்டு வென்றனர். லெ கோர்ட் 2007இல் மூடப்பட்டது.

இவ்வெதிர்ப்பு கிறித்தவத் தொண்டின் அடிப்படையை மறுப்பதாகத் தோன்றலாம். கூர்ந்து நோக்கின் அவ்வாறன்று. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் இயலில் பசித்தோர், நோயுற்றோர், சிறைப்பட்டோர் ஆகியோரோடு தம்மை ஒன்றாக்கிக் கொள்பவர் அரியணையில் அமர்ந்து தீர்ப்பளிக்கும் அரசர். உதவி பெறுவோர் அங்கே இரக்கத்துக்குரிய பொருளாகக் காட்டப்படவில்லை. உதவுவோரை அளக்கும் நிலையில் வைக்கப்பட்டுள்ளனர். இதன்படி, பேணப்படுவோர் எழுப்பும் வினாவுக்குச் செவிசாய்த்தலும் அவ்வறத்தின் பகுதியே ஆகின்றது. டைக்ஸிடம் அவரது உண்மை நிலையை மறைக்காது கூறியபோது செஷயர் அவ்வழியிலேயே நின்றார். இல்லங்கள் பெருகி நிறுவனமான பின்னர் அந்நேர்மையைக் காப்பது எளிதாக இருக்கவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று நிலைகள் புலனாகின்றன. அரசு வீரனின் செயலைப் போற்றுகின்றது; ஊற்றுக்கு ஈடு தருகின்றது. சமய அறம் செயலையும் ஊற்றையும் கடந்து ஆளைப் பேணுகின்றது. உரிமை இயக்கமோ, பேணப்படுவோரின் சொல்லையும் மதிக்குமாறு அவ்வறத்தை வற்புறுத்துகின்றது. இம்மூன்றனுள் ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது. ஓய்வூதியம் வழங்கப்பட்ட வீரனுக்கும் இறுதி இரவில் உடனிருப்பார் வேண்டும்; உடனிருப்பார் வாய்த்தவனுக்கும் தன் வாழ்வைத் தானே முடிவு செய்யும் உரிமை வேண்டும்.

செஷயர் 1989இல் தொடங்கிய உலக நினைவு நிதியும் இக்கருத்துக்கு அரண் செய்கின்றது. நூற்றாண்டின் போர்களில் மாண்டோர் அனைவரின் நினைவாகத் திரட்டப்பட்ட அந்நிதி, கல்லில் நினைவுச்சின்னம் எழுப்புவதற்கன்றிப் பேரிடரில் சிக்கியோரைக் காப்பதற்கென அமைந்தது. மாண்டோருக்குச் செய்யும் சிறப்பு உயிர் வாழ்வோரின் துயர் துடைத்தலே என்பது அதன் உட்பொருள். விழுப்புண் உடையாரைப் போற்றுதல் எளிது. அது போற்றுவோருக்கும் பெருமை தரும். விழுப்புண் இல்லாது நலிந்தவரைப் பேணுதல் பெருமை தராது. அங்கேதான் இவ்வறத்தின் உண்மை அளக்கப்படுகின்றது.