ஜெர்சி ராயல் உருளைக்கிழங்கு

ஜெர்சி ராயல் என்பது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கால்வாயில், பிரான்சின் நார்மண்டிக் கரையிலிருந்து ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த ஜெர்சி தீவில் விளைந்து, பெரும்பாலும் பிரித்தானியச் சந்தைக்கு அனுப்பப்படும் முன்பட்ட உருளைக்கிழங்கு ஆகும். நீள்வட்டமாகச் சற்றே வளைந்த வடிவமும், காகிதம் போன்ற மெல்லிய தோலும், வெந்த பின்னும் உடைந்து மாவாகாமல் நிற்கும் வெளிர்மஞ்சள் சதையும் இதன் அடையாளங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பெயர்ப் பாதுகாப்பை 1990-களிலேயே பெற்ற விளைபொருள்களுள் இதுவும் ஒன்று. அப்பாதுகாப்பின்படி இத்தீவில் விளைந்த கிழங்கை மட்டுமே இப்பெயரில் விற்கலாம்.

இது இளங்கிழங்கு வகையைச் சேர்ந்தது. செடியின் தழை பச்சையாக நிற்கும்போதே, கிழங்கு முற்றித் தோல் இறுகுவதற்கு முன் தோண்டப்படுவதை இளங்கிழங்கு என்பர். அந்நிலையில் கிழங்கின் சர்க்கரை முழுவதும் மாவுச்சத்தாக மாறியிராததால் சுவையில் இனிப்பு தங்குகிறது. ஆனால் தோல் இறுகாததால் ஈரம் விரைவில் வற்றுகிறது, முற்றிய கிழங்கைப்போல் மாதக்கணக்கில் கிடங்கில் அடுக்கிவைக்கவும் இயலாது. விலை ஏறும்வரை காத்திருந்து விற்கும் வசதி இப்பயிரில் இல்லையாதலால், மற்றவர் கிழங்கு சந்தைக்கு வருவதற்கு முன் தன் கிழங்கு சென்று சேர்ந்தால்தான் உழவருக்கு ஆதாயம். ஜெர்சி உழவரின் நூற்றைம்பது ஆண்டு முயற்சியில் பெரும்பகுதி இந்தச் சில வாரங்களைச் சம்பாதிப்பதிலேயே செலவாகியிருக்கிறது எனலாம்.

தீவின் இயற்கை அமைப்பு அதற்குப் பெரிதும் உதவியது. ஏறத்தாழ 118 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஜெர்சி, வடக்கில் உயர்ந்த பாறைக் கரையும் தெற்கில் தாழ்ந்த மணற்கரையுமாகச் சாய்ந்திருப்பதால், நிலத்தின் பெரும்பகுதி சூரியனை நோக்கியே கிடக்கிறது. நாற்புறமும் சூழ்ந்த கடல் கடும் உறைபனியைத் தடுக்கிறது. மண்ணோ நீர் தேங்காத, விரைவில் சூடேறும் இலகு மண். இவற்றுள்ளும் முன்னதாகக் கிழங்கு தருபவை, உள்ளூர் மக்கள் கோத்தி எனக் குறிப்பிடும், தெற்கு நோக்கிய செங்குத்தான சரிவு நிலங்கள். ஏர் நிற்காத அளவுக்குச் சரிந்த இந்நிலங்களில், மேட்டின் உச்சியில் டிராக்டரை நிறுத்தி, உருளையில் சுற்றிய இரும்புக் கயிற்றால் கலப்பையைக் கீழிருந்து மேலே இழுத்து உழுவர். நடவும் கிழங்கெடுப்பும் கையால்தான். தீவின் வடமேற்கு மூலையிலுள்ள லெத்தாக் பகுதியின் சரிவுகள் இத்தகைய முன்பட்டக் கிழங்குக்குப் பெயர்பெற்றவை.

உரத்தையும் கடலே தந்தது. ஓதமும் வற்றமும் 12 மீட்டர்வரை வேறுபடும் இக்கரையில், நீர் வற்றும்போது பரந்த பாறைத் திட்டுகள் வெளிப்படும். அவற்றில் வளர்வதும் புயலுக்குப்பின் கரையொதுங்குவதுமான கடற்பாசியை, விராக் என்று வழங்குவதை, மாட்டுவண்டியிலும் குதிரைவண்டியிலும் ஏற்றி வயலில் பரப்பி உழுதுவிடுவது உருளைக்கிழங்கு வருவதற்கு முன்பே நிலைபெற்ற வழக்கம். வெட்டி எடுக்கும் பாசிக்கு ஒரு பருவமும் ஒதுங்கிய பாசிக்கு வேறு விதியுமாக, யார் எப்போது எடுக்கலாம் என்பதைத் தீவின் சட்டங்கள் வரையறுத்திருந்தன. இன்று வேதியுரமே பெரும்பான்மை என்றாலும், சில உழவர்கள் குளிர்காலத்தில் கடற்பாசி இடுவதை விடவில்லை. கிழங்கின் சுவைக்கு அதுவே காரணம் என்று விற்பனையாளர் கூறுவது வழக்கமாயினும், தோண்டியதும் சந்தைக்கு அனுப்பும் வேகத்துக்கும் அதில் பெரும்பங்கு உண்டு.

உருளைக்கிழங்கு இத்தீவில் பரவியது 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அதற்குமுன் ஜெர்சியின் நிலத்தில் கணிசமான பகுதி ஆப்பிள் தோப்பாக இருந்தது. அப்பழத்தைப் பிழிந்து புளிக்கவைத்த சைடர் என்னும் மது ஏற்றுமதிப் பொருளாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே உருளைக்கிழங்கும் கப்பலேறத் தொடங்கியது. எனினும் 1845 முதல் ஐரோப்பா முழுவதும் பரவி, அயர்லாந்தில் பெரும்பஞ்சத்தை விளைவித்த பின்பருவ இலைக்கருகல் நோய் ஜெர்சியையும் தாக்கியது. பூஞ்சை போன்ற ஒரு நுண்ணுயிரால் வரும் இந்நோய், வெப்பமும் ஈரமும் சேர்ந்த கோடை நாட்களில் பரவுவது. அதற்கு முன்னரே கிழங்கை எடுத்துவிட்டால் இழப்பு குறையும். முன்பட்டச் சாகுபடியின் பக்கம் தீவு திரும்பியதற்கு நல்ல விலையோடு இதுவும் சேர்ந்துகொண்டது. நீராவிக் கப்பல்களும், தென் இங்கிலாந்துத் துறைமுகங்களிலிருந்து இலண்டனுக்குச் சென்ற ரயில் பாதைகளும் வந்தபின் ஆப்பிள் தோப்புகள் ஒவ்வொன்றாக வெட்டப்பட்டு உருளைக்கிழங்கு வயல்களாயின.

ஜெர்சி ராயலின் தோற்றத்தைக் குறித்துத் தீவில் வழங்கும் செய்தி 1880-ஆம் ஆண்டையொட்டியது. ஹியூ டி லா ஹே என்னும் உழவர், அண்டை அயலார் தம் குதிரைகளைக் கொண்டுவந்து கூடி உழும் பேருழவு நாளின் விருந்தில், கடையிலிருந்து வாங்கிய மிகப் பெரிய கிழங்கு ஒன்றை நண்பர்களுக்குக் காட்டினார். அதில் பதினைந்து கண்கள், அதாவது முளை விடும் குழிகள், இருந்தன. கண்ணுக்கு ஒரு துண்டாக அதை நறுக்கிப் பெல்லோசான் பள்ளத்தாக்கின் மேலுள்ள சரிவு நிலத்தில் ஊன்றினர். அடுத்த விளைச்சலில் ஒரு செடி மட்டும் மற்றவற்றுக்கு முன்னதாக, சிறுநீரக வடிவக் கிழங்குகளை ஈன்றது. அதைத் தனியே எடுத்துப் பெருக்கினர். உள்ளூர் நாளிதழ் ஒன்றின் ஆசிரியர் அதற்கு ‘ராயல் ஜெர்சி ஃப்ளூக்’ என்று பெயர் சூட்டினார். பின்னர் அது ஜெர்சி ராயல் எனச் சுருங்கியது.

இச்செய்தியை அப்படியே ஏற்பதில் ஒரு தடை உண்டு. உருளைக்கிழங்கு விதையால் அன்றிக் கிழங்கால் பெருகுவதால், ஒரே கிழங்கின் துண்டுகளிலிருந்து வரும் செடிகள் யாவும் ஒரே குணமுடையனவாகவே இருக்கும். அவற்றுள் ஒன்று மட்டும் வேறுபட வேண்டுமானால் அரிதாக நிகழும் மொட்டுத் திடீர்மாற்றமே வழி. மேலும், ஜெர்சி ராயல் என்பது இங்கிலாந்தின் பெர்க்‌ஷயரைச் சேர்ந்த ராபர்ட் ஃபென் என்பவர் 1879-ஐ ஒட்டி உருவாக்கிய இன்டர்நேஷனல் கிட்னி என்னும் வகையே என்று வகைப் பட்டியல்கள் குறிக்கின்றன. இரு நிகழ்ச்சிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை என்பதைக் கருதினால், அப்போது கைமாறிக்கொண்டிருந்த புதிய வகை ஒன்று கடைக்கிழங்கோடு கலந்து டி லா ஹேயின் நிலத்தை அடைந்திருக்கலாம் என்று கொள்வதே எளிது. ஆயினும் பயனுள்ள செடியைக் கண்டு பிரித்தெடுத்த கூர்மை தீவின் உழவர்களுடையது.

அடுத்த பத்தாண்டுகளில் வளர்ச்சி திகைக்கத்தக்க வேகத்தில் இருந்தது. 1891-இல் ஏற்றுமதி 60,000 டன்னைத் தாண்டியது. மே, ஜூன் மாதங்களில் பீப்பாய்களையும் பெட்டிகளையும் ஏற்றிய வண்டிகள், செயின்ட் ஹீலியர் துறைமுகத்தருகே எடை போடும் மேடையை நோக்கி வரிசையில் நின்று முறைக்காகக் காத்திருந்தன. அன்றைய விலை அன்றைய கப்பலைப் பொறுத்தது. காலையில் கிடைத்த விலை மாலையில் கிடைக்காமல் போவதும் உண்டு. கிழங்கெடுப்புக்குத் தீவின் ஆட்கள் போதாமையால், பிரான்சின் பிரித்தானி பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் ஒவ்வோர் ஆண்டும் பருவகாலக் கூலிகளாக வந்தனர். சிலர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தங்கிவிட்டனர், இன்றைய ஜெர்சிக் குடும்பப் பெயர்களுள் பல அவர்களுடையவை. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அவர்கள் வரவு குறைந்து, போர்ச்சுகலின் மதேரா தீவினரும், பின்னர் போலந்து, ருமேனியா நாட்டினரும் அவ்வேலைக்கு வந்தனர். ஜெர்சியின் சிறப்பெனப் போற்றப்படும் பயிரை ஒவ்வொரு தலைமுறையிலும் வெளியூர்க் கைகளே தோண்டி எடுத்திருக்கின்றன என்பதை விளம்பரங்கள் அதிகம் சொல்வதில்லை.

1940 ஜூலை முதல் 1945 மே 9 வரை தீவு ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. இங்கிலாந்துச் சந்தை அடைபட்டதும் ஏற்றுமதிப் பயிர் உள்ளூர் உணவாயிற்று. முன்பட்டக் கிழங்கை எடுத்துச் செலவழிப்பதைவிட முற்றவிட்டு எடையைப் பெருக்குவதே தேவையாக இருந்தது. போருக்குப்பின் வாணிபம் மீண்டபோது பிரித்தானி, சைப்ரஸ், எகிப்து ஆகிய இடங்களின் இளங்கிழங்குகள் போட்டிக்கு வந்துவிட்டன. காலத்தால் எகிப்தை வெல்ல ஜெர்சியால் இயலாது. ஆகவே பெயரை முன்னிறுத்தி விற்பதும், 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாலித்தீன் தாளை வயல்மீது விரித்து மண்ணைச் சூடேற்றுவதும் ஒருசேர வளர்ந்தன. இன்று வசந்தகாலத் தொடக்கத்தில் தீவை மேலிருந்து பார்ப்போருக்கு வயல்கள் ஏரிகள்போல் பளபளப்பது இத்தாள்களால்தான்.

சாகுபடி முறை விதைக்கிழங்கிலிருந்து தொடங்குகிறது. தீவின் உழவர்கள் விதைக்கென ஒதுக்கிய வயல்களில் தாமே விதைக்கிழங்கு விளைவித்து, கோடையில் எடுத்துவைக்கின்றனர். அவற்றை ஆழமற்ற மரப்பெட்டிகளில், கண்கள் மிகுந்த முனை மேல்நோக்க, ஒவ்வொன்றாகக் கையால் நிறுத்திவைப்பர். வெளிச்சமும் மிதமான குளிர்ச்சியும் உள்ள கொட்டகையில் அவை குட்டையான, உறுதியான முளைகளை விடும். முளை ஒடிந்தால் சில நாட்கள் போயின என்று பொருளாதலால், இயந்திர நடவு பரவிய பின்னும் சரிவு நிலங்களில் கையால் ஊன்றுவது நீடிக்கிறது. கண்ணாடிக் கூடத்திலும் பாலித்தீன் குடிலிலும் ஆண்டிறுதியிலும், திறந்த வெளியில் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலும் நடவு நடக்கும். திறந்த வெளியில் விளைந்தது ஏறத்தாழ மார்ச் இறுதியில் வரத் தொடங்கி, மே மாதத்தில் உச்சம் கண்டு, ஜூலையில் முடியும். நிலம் அளக்கும் அலகு இன்றும் பழைய வெர்ஷேதான். இரண்டேகால் வெர்ஷே ஓர் ஏக்கர்.

ஒரே வயலில் ஆண்டுதோறும் ஒரே பயிரை இடும் வழக்கத்துக்குத் தீவு விலையும் கொடுத்திருக்கிறது. வேரில் நுண்ணிய முட்டைக்கூடுகளை உண்டாக்கிப் பல ஆண்டுகள் மண்ணில் உறங்கிக் கிடக்கவல்ல தங்க நூற்புழு இங்கே பழைய தொல்லை. இன்டர்நேஷனல் கிட்னிக்கு அதை எதிர்க்கும் திறன் கிடையாது. 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்டு, அங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே செல்வதற்குத் தடை வரக் காரணமானதும் இதே புழுதான். நீலகிரி உழவர்கள் குஃப்ரி ஸ்வர்ணா போன்ற எதிர்ப்புத்திறன் கொண்ட வகைகளை நாடினர். ஜெர்சியோ பெயரையே ஒரு வகையோடு பிணைத்துவிட்டதால் வகையை மாற்றும் வழி அடைபட்டு, புழு இனப்பெருக்கத்தை முடிப்பதற்குமுன் பயிரை எடுப்பது, இடையில் வேறு பயிரிடுவது ஆகியவற்றையே நம்ப வேண்டியுள்ளது. நீர்நிலைகளில் நைட்ரேட் கூடியதற்கு உருளைக்கிழங்கு வயல்களின் உரம் ஒரு காரணமென்பதும், கூலிச் செலவால் சரிவு நிலங்கள் பல தரிசாவதும் அண்மைக்காலக் கவலைகள்.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை சில. மண் ஒட்டிய கிழங்கு, கழுவிப் பையிலடைத்ததைவிட நீண்ட நேரம் புதுமை குன்றாதிருக்கும். கட்டைவிரலால் தேய்த்தால் தோல் உரிந்துவர வேண்டும். உரியாவிட்டால் எடுத்து நாளாயிற்று அல்லது கிழங்கு முற்றிவிட்டது. வெளிச்சம் பட்டுப் பச்சை ஏறிய பகுதியில் சோலனின் என்னும் நஞ்சு சேர்ந்திருக்கக்கூடுமாதலால், பச்சை மிகுந்த கிழங்கைத் தவிர்த்துவிட்டு, வாங்கியதை இருண்ட குளிர்ந்த இடத்தில் வைத்து ஓரிரு நாட்களில் சமைப்பது நல்லது. தோலைச் சீவாமல் உப்பு நீரில் புதினா இலையோடு வேகவைத்து வெண்ணெய் சேர்த்து உண்பதே தீவின் வழக்கம். அங்கே சாலையோர வேலிகளின் அருகே உழவர்கள் சிறு தட்டில் கிழங்குப் பைகளை வைத்து, பக்கத்தில் காசுப் பெட்டியையும் வைத்துவிட்டுச் செல்கின்றனர். வாங்குவோர் பணத்தைப் போட்டுப் பையை எடுத்துக்கொள்வர்.

ஊர்ப்பெயரோடு இளங்கிழங்கை விற்பது ஜெர்சிக்கு மட்டும் உரியதன்று. பிரான்சின் ரே தீவுக் கிழங்கு 1998-இல் அந்நாட்டின் தோற்றப்பெயர்ச் சான்றைப் பெற்றது. வட அயர்லாந்தின் கோம்பர் கிழங்கும் வேல்ஸின் பெம்புரோக்‌ஷயர் கிழங்கும் முறையே 2012, 2013 ஆண்டுகளில் ஐரோப்பியப் பதிவு பெற்றன. இவ்விரண்டு பிந்தைய பதிவுகளும் ஒரே வகையோடு நில்லாமல், வட்டாரத்தையும் தோண்டும் பருவத்தையும் கொண்டே கிழங்கை வரையறுத்தன. நூற்புழுவால் இடர்ப்படும் ஜெர்சியோடு ஒப்பிட்டால் அது முன்யோசனையுள்ள ஏற்பாடு. இங்கிலாந்தின் தோட்டக்காரர்கள் ஜெர்சி ராயலின் விதைக்கிழங்கைத் தேடினால் விதைக்கடையில் கிடைப்பது இன்டர்நேஷனல் கிட்னி என்ற பெயரில்தான். அதைக் கென்டிலோ யார்க்‌ஷயரிலோ ஊன்றி எவ்வளவு நன்றாக விளைவித்தாலும், ஜெர்சி ராயல் என்று சொல்லி விற்கச் சட்டம் இடங்கொடாது.