குவாரானி மிஷன் ஊர்களின் மக்கள்தொகை வரலாறு

குவாரானி மிஷன் ஊர்கள் 17, 18ஆம் நூற்றாண்டுகளில் தென் அமெரிக்காவின் பரானா, உருகுவே ஆற்றுப் படுகைகளில் கத்தோலிக்கத் துறவியர் குவாரானி மக்களைக் குடியமர்த்திய ஊர்கள். இயேசு சபையினர் நிறுவியவற்றில் நிலைத்து நின்றவை 30. எல்லைகள் வகுக்கப்பட்ட பின் அவற்றில் 15 அர்ஜென்டினாவிலும் 8 பராகுவேயிலும் 7 பிரேசிலிலும் அமைந்தன. ஐரோப்பியர் வருகைக்குப் பின் அமெரிக்கப் பழங்குடிகளின் தொகை பல இடங்களில் தொடர்ந்து சரிந்தது. இவ்வூர்களிலோ கொள்ளைநோயில் தொகை வீழ்ந்தது, பின் மீண்டது, மறுபடி வீழ்ந்தது. இந்த ஏற்றத்தாழ்வின் காரணங்களை ஊர்வாரிக் கணக்கேடுகளைக் கொண்டு ஓரளவு தெளிவாகவே அறிய முடிகிறது.

பின்னணி

1537இல் அசுன்சியோன் நகரம் எழுந்தபின் சுற்றுவட்டாரக் குவாரானிகள் ஸ்பானியர்களுக்கு உழைக்கும் என்கோமியெந்தா முறைக்குள் வந்தனர். 1556இல் ஆளுநர் இராலா ஏறத்தாழ 20,000 பேரைச் சில நூறு குடியேறிகளுக்குப் பங்கிட்டார். கட்டாய உழைப்பும் புதிய நோய்களும் மக்களைக் குறைத்தன. 1580 முதல் பிரான்சிஸ்கன் துறவி லூயிஸ் தே போலாஞோஸ் குவாரானிகளை ஊர்களில் குடியமர்த்தத் தொடங்கினார். இயேசு சபையினரின் முதல் ஊரான சான் இக்னாசியோ குவாசு 1609இன் இறுதியில் உருவானது. 1611இல் அரச அதிகாரி பிரான்சிஸ்கோ தே அல்ஃபாரோ வகுத்த விதிகள் கட்டாயத் தனிச்சேவையைத் தடைசெய்தன. மிஷனில் சேர்ந்தால் என்கோமியெந்தாவிலிருந்து தப்பலாம் என்பதே பல தலைவர்கள் தம் கூட்டத்தாருடன் அங்கு வர முதன்மைக் காரணம்.

அடிமை வேட்டையும் இடப்பெயர்வும்

முதல் முப்பது ஆண்டுகளின் பெரும் இழப்புக்கு நோயோடு ஆள்பிடிப்பும் காரணமானது. சாவோ பாவ்லோவிலிருந்து கிளம்பிய பந்தெயிரான்தே படைகள் 1628 முதல் குவாய்ரா பகுதி ஊர்களைச் சூறையாடி, பல்லாயிரம் பேரை அடிமைகளாக இழுத்துச் சென்றன. 1631இல் இயேசு சபைத் துறவி அந்தோனியோ ரூயிஸ் தே மொந்தோயா எஞ்சிய சுமார் 12,000 பேரைத் தெப்பங்களில் ஏற்றிப் பரானா ஆற்றின் வழியே தெற்கே அழைத்துச் சென்றார். பேரருவிகளைக் கடக்கும்போது தெப்பங்கள் நொறுங்கின. பசியும் நோயும் வழியெங்கும் உயிர்களைப் பறித்தன. புதிய இடம் சேர்ந்தவர்கள் புறப்பட்டவர்களில் ஒரு சிறு பகுதியே. அடுத்து 1636 முதல் 1638 வரை தாப்பே பகுதியும் அதே கதிக்கு உள்ளானது.

1641 மார்ச்சில் எம்போரோரே ஆற்றங்கரையில் குவாரானிப் படை, துப்பாக்கி ஏந்தி, படையெடுத்து வந்தவர்களைத் தோற்கடித்தது. அதன் பின் பெரும் ஆள்பிடிப்புகள் ஓய்ந்து, மக்கள்தொகை நிலைகொள்ளத் தொடங்கியது.

வளர்ச்சிக் காலம்: 1641–1732

1647இல் மிஷன் ஊர்களில் 29,000 பேருக்குச் சற்றுக் குறைவாக இருந்தனர். 1702இல் அது 89,000ஐத் தாண்டியது. 1732இல் 30 ஊர்களிலும் 1,41,000 பேர் வாழ்ந்தனர். எண்பத்தைந்து ஆண்டுகளில் தொகை ஏறக்குறைய ஐந்து மடங்கானது. காட்டிலிருந்து புதிதாக வந்து சேர்ந்தவர்களும் இதில் உண்டு. ஆயினும் பெரும்பகுதி ஊர்களிலேயே பிறந்த குழந்தைகளால் வந்த பெருக்கம். பெண்கள் 15 வயதையும் ஆண்கள் 17 வயதையும் ஒட்டி மணம் செய்தனர், மணமாகாதோர் அரிது. சாதாரண ஆண்டுகளில் ஆயிரம் பேருக்கு 50க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. கூட்டு நிலங்களின் விளைச்சல், மேய்ச்சல் வெளிகளின் மாட்டிறைச்சி, யெர்பா மாத்தே இலை விற்ற வருவாய் ஆகியவை இக்குடும்பங்களைத் தாங்கின. மக்கள் பெருகியபோது ஊர்கள் பிரிந்தன: சான் மிகேலிலிருந்து ஒரு பகுதியினர் 1697இல் பிரிந்து சான் குவான் பாவ்திஸ்தாவை உருவாக்கினர்.

குடிகள் காசிக்கே எனப்படும் தலைவர்வாரியாகப் பதிவாயினர். வரி செலுத்தும் வயதான 18 முதல் 50 வரையுள்ள ஆண்கள் தனியே எண்ணப்பட்டனர். விதவைகள், அனாதைப் பெண்குழந்தைகள், கணவர் ஊரில் இல்லாத பெண்கள் ஆகியோருக்குக் கோதிகுவாசு என்ற தனி இல்லம் இருந்தது. ஒவ்வொரு கொள்ளைநோய்க்குப் பின்னும் விதவைகளின் எண்ணிக்கை உயர்ந்ததை ஏடுகளில் காணலாம்.

கொள்ளைநோயின் சுழற்சி

பெரியம்மையும் தட்டம்மையும் இவ்வூர்களில் நிலையாகத் தங்கவில்லை. வெளியிலிருந்து வந்து பரவி, தொற்றத் தகுந்தவர்கள் தீர்ந்ததும் மறைந்தன. அடுத்த முறை வருவதற்குள் நோயைச் சந்தித்திராத ஒரு தலைமுறை வளர்ந்திருக்கும்; மரணம் முதலில் அக்குழந்தைகளையே அள்ளியது. நீண்ட வரிசை வீடுகளில் குடும்பங்கள் ஒட்டியே வாழ்ந்தன. ஆற்றுப் படகுகளும் வணிகப் பயணங்களும் படைச் சேவையும் நோயை ஊருக்கு ஊர் கடத்தின.

1718–19இன் பெரியம்மைக்கு முன் 1,21,000ஆக இருந்த தொகை 1,03,000ஆகக் குறைந்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அந்த இழப்பு ஈடானது. அதன்பின் வந்த பேரழிவு அதைவிடப் பன்மடங்கு பெரிது. அசுன்சியோனின் கொமுனேரோ கிளர்ச்சியை அடக்க ஆயிரக்கணக்கான குவாரானி ஆண்கள் களத்துக்கு அழைக்கப்பட, வயல்கள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. தட்டம்மையும் வறட்சியும் பஞ்சமும் தொடர்ந்தன. 1738 முதல் 1740 வரை பெரியம்மை தாக்கியது. 1740இல் எஞ்சியவர்கள் சுமார் 74,000 பேர். எட்டே ஆண்டுகளில் தொகை ஏறக்குறைய பாதியானது. இறப்பு மட்டும் இதற்குக் காரணம் அல்ல. பஞ்சத்தில் பலர் காடுகளுக்கும் இபெரா சதுப்பு நிலங்களுக்கும் தப்பினர். மக்கள்தொகை ஆய்வாளர்கள் மாசிமோ லிவி பாச்சியும் எர்னெஸ்தோ மாயெதரும் இக்கணக்கேடுகளை ஆராய்ந்து, உயர்ந்த பிறப்பு விகிதமே மீட்சிக்கு அடிப்படை எனக் காட்டியுள்ளனர்.

எல்லைப் போரும் வெளியேற்றமும்

1750களின் நடுவில் தொகை மீண்டும் ஒரு லட்சத்தைக் கடந்தது. ஆனால் 1750ஆம் ஆண்டின் மாட்ரிட் உடன்படிக்கை உருகுவே ஆற்றின் கிழக்கிலிருந்த ஏழு ஊர்களைப் போர்ச்சுகலுக்குக் கொடுத்து, சுமார் 30,000 பேரை இடம்பெயரச் சொன்னது. அவர்கள் மறுத்துப் போரிட்டனர். அவர்களின் தலைவர் செப்பே தியாராயூ கொல்லப்பட்ட சில நாள்களில், 1756 பிப்ரவரி 10 அன்று, கைபோவாத்தேயில் சுமார் 1,500 குவாரானிகள் மடிந்தனர். உடன்படிக்கை 1761இல் ரத்தானாலும் ஊர்கள் பழைய வளத்தைப் பெறவில்லை. 1760களின் நடுவில் பெரியம்மை மீண்டும் வந்தது.

ஸ்பானிய மன்னர் மூன்றாம் கார்லோஸ் 1767இல் இயேசு சபையை வெளியேற்ற ஆணையிட்டார். அது மிஷன் ஊர்களில் 1768இல் நிறைவேறியபோது அங்கு 89,000 பேர் இருந்தனர். ஆன்மிகப் பொறுப்பு பிற துறவற சபைகளுக்கும் பொருளாதாரப் பொறுப்பு அரசு நிர்வாகிகளுக்கும் சென்றது. கூட்டு உழைப்பு தொடர்ந்தது. அதன் பயன் மட்டும் உழைத்தவர்களை எட்டவில்லை. மந்தைகள் கரைந்து, இறைச்சிப் பங்கீடு சுருங்கியது. 1780களின் தொடக்கத்தில் தொகை 57,000 அளவிலும் 1801இல் 45,000 அளவிலும் நின்றது.

இந்த வீழ்ச்சியில் நோய்க்கும் பங்குண்டு. 1770களின் தொடக்கத்தில் யாபெயூ என்ற மிஷன் ஊர் பெரியம்மையால் பெரிதும் அழிந்தது. ஆனால் இம்முறை முக்கியக் காரணம் மக்கள் ஊர்களைவிட்டு வெளியேறியதே. மிஷன்களில் கற்ற தச்சு, நெசவு, கால்நடை வேலைகளுக்குப் புவெனஸ் ஐரெஸ், மொந்தெவிதெயோ, கொர்ரியென்தெஸ் பகுதிகளில் கூலி கிடைத்தது. ஏடுகளில் மறைந்தவர்களில் பலர் உயிருடன் வேறிடத்தில் உழைத்து வாழ்ந்தனர். இளம் ஆண்கள் அதிகம் வெளியேறியதால் ஊர்களில் பெண்களின் விகிதம் உயர்ந்து, பிறப்புகள் குறைந்தன. பழைய மீட்சி இதனால் தடைப்பட்டது.

கலைவு

1801இல் போர்ச்சுகீசியர் கிழக்கிலிருந்த ஏழு ஊர்களைக் கைப்பற்றினர். 1817இல் அவர்களின் படை உருகுவே ஆற்றின் மேற்குக் கரை ஊர்களை எரித்தது. குவாரானித் தலைவர் ஆந்த்ரேஸ் குவாசுராரி எதிர்த்துப் போராடியும் அவற்றைக் காக்க இயலவில்லை. 1828இல் உருகுவேத் தளபதி ஃப்ரூக்துவோசோ ரிவேராவின் படையுடன் ஆயிரக்கணக்கானோர் உருகுவேக்குச் சென்றனர். பராகுவேயில் 1848இல் அதிபர் கார்லோஸ் அந்தோனியோ லோபெஸ் ஊர்களின் பொதுச் சொத்தை அரசுடைமையாக்கி, குவாரானிகளைக் குடிமக்களாக அறிவித்தார். அத்துடன் மிஷன் குடி என்ற தனிப்பதிவு முடிந்தது. அக்குடிகளின் வழிவந்தோர் நான்கு நாடுகளின் கிராமப்புற மக்களோடு கலந்து வாழ்கின்றனர்.