பழைய வேட்டியும் பத்து சென்ட்டும்

"பீ மூத்திரம் அள்ளி வளர்த்தேன்டா உன்னை" என்று அம்மா எப்போது சொன்னாலும், "ஆரம்பிச்சுட்டியா?" என்று நகர்ந்துவிடுவேன். அதற்குப் பின்னால் எத்தனை வாளி தண்ணீர் இருக்கிறது என்று தெரிந்தது 2009-ல்தான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

புனேவுக்கு மாற்றலாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மூத்தவள் பிறந்ததும் அம்மா ஊரிலிருந்து ஒரு மூட்டையோடு வந்து இறங்கினார். உள்ளே அப்பாவின் பழைய வேட்டிகள், பாட்டியின் நூல் புடவை. புதுத் துணி உறுத்தும், ஈரத்தை இழுக்காது, நூறு தரம் துவைத்ததுதான் பச்சைக் குழந்தைக்கு ஆகும் என்பது அம்மாவின் கட்சி. சதுரமாகக் கிழித்து, முக்கோணமாக மடித்து, இடுப்பில் ஒரு முடிச்சு. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு இருபது துணியாவது அலசுவார்.

மூன்று மாதத்தில் அம்மா கிளம்ப வேண்டியதாயிற்று. தங்கமணிக்கும் ஆபீஸ் ஆரம்பித்துவிட்டது. அப்போதெல்லாம் சட்டப்படி பிரசவ விடுப்பு 12 வாரம்தான். 26 வாரம் ஆனது 2017-ல். வெளியே புனே மழை. பால்கனிக் கொடியில் தொங்கியது ஒன்றும் காயவில்லை. நான் வாளியில் கை வைத்தேனா? இல்லை. கடைக்குப் போய் டயாபர் பாக்கெட் வாங்கி வந்தேன். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன்!

பிறகு இந்தப் பொருளின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். எங்கே போனாலும் அதே கேள்வி: துணியை யார் அலசுவது?

அமெரிக்காவில் மேரியன் டோனவன் என்ற தாய், 1946-ல் குளியலறைத் திரையை வெட்டி, துணிக்கு மேல் போட ஒரு நீர்புகா உறை தைத்தார். அதுவரை இருந்த ரப்பர் ஜட்டி, குழந்தைக்குப் புண் உண்டாக்கும். ஊசிக்குப் பதில் அழுத்துபொத்தான் வைத்தார். தயாரிப்பாளர்கள் யாரும் சீந்தவில்லை. 1949-ல் நியூயார்க்கின் சாக்ஸ் கடையில் விற்பனைக்கு வந்ததும் பிய்த்துக்கொண்டு போனது. 1951-ல் உரிமையை 10 லட்சம் டாலருக்கு விற்றார். அடுத்து, ஒரு தரம் போட்டுவிட்டுத் தூக்கிப் போடும் காகித டயாபரோடு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். அதை யாரும் எடுக்கவில்லை.

எடுத்தது ஒரு தாத்தா! பிராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனப் பொறியாளர் விக்டர் மில்ஸுக்குப் பேரப்பிள்ளையின் துணியை அலசப் பிடிக்கவில்லை. 1950-களில் அவர் குழு ஆராய்ச்சியில் இறங்கியது. 1961-ல் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா நகரில் பாம்பர்ஸ் சோதனை விற்பனைக்கு வந்தது. ஒன்று 10 சென்ட். கணக்குப் போட்ட தாய்மார்கள் வாங்கவில்லை. வீட்டில் துவைத்தால் அதைவிட மலிவு. விலையை இறக்கிய பிறகுதான் வியாபாரம் சூடுபிடித்தது. 1980-களில், தன் எடையைப் போல் பல மடங்கு நீரை இழுத்துக்கொள்ளும் பாலிமர் தூள் உள்ளே போனது. டயாபர் மெலிந்தது. இந்தியாவுக்கு ஹக்கீஸ் 1990-களில் வந்தது, பாம்பர்ஸ் 2006-ல்.

இனி என் கணக்குக்கு வருகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குடியிருப்பு வாசலில் குப்பை எடுக்கும் மாவ்ஷி, நான் இறுக்கி முடிச்சுப் போட்டு எறிந்த பையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வெறுங்கை. மக்கும் குப்பையோடு கலந்திருந்ததால் பிரித்தே ஆக வேண்டும். உள்ளே எங்கள் வீட்டு டயாபர்கள். என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அம்மா அள்ளியதை இப்போது இவர் அள்ளுகிறார். கடனை நான் அடைக்கவில்லை. இன்னொருவர் கணக்கில் பற்று எழுதியிருக்கிறேன்.

புனேயில் இவர்களுக்கென்று ஸ்வச் என்ற கூட்டுறவு அமைப்பு இருக்கிறது. 2008-ல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டது. 2016-ல் வந்த மத்திய அரசின் திடக்கழிவு விதிகள், டயாபரைத் தனியாகச் சுற்றிக் கொடுக்கச் சொல்லின. 2017-ல் ஸ்வச் ஒரு பிரசாரம் நடத்தியது: பழைய பேப்பரில் சுற்றி, மேலே ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். பார்த்ததும் தெரியும், பிரிக்க வேண்டாம். எவ்வளவு சின்ன மரியாதை அது!

அப்படியானால் துணிதான் உத்தமமா? அதுவும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. 2008-ல் பிரிட்டன் அரசு வெளியிட்ட ஆய்வு, கரியமில வாயுக் கணக்கில் இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்றது. ஆனால் மெஷினில் காயவைக்காமல் கொடியில் காயப்போட்டு, அதே துணியை அடுத்த குழந்தைக்கும் பயன்படுத்தினால் துணிதான் ஜெயிக்கும். நம் வீடுகளில் வேறு எப்படிச் செய்தோம்?

2016-ல் இளையவன் பிறந்தான். அக்காவின் துணிகளே இறங்கி வந்தன. பகலில் துணி, ராத்திரிக்கும் ரயில் பயணத்துக்கும் டயாபர், பேப்பரில் சுற்றி சிவப்புப் புள்ளியோடு. துணி அலசுவது என் வேலை, காலை ஐந்தரை மணிக்கு, பாங்குக்குக் கிளம்பும் முன். முதல் வாரம் குமட்டியது. அப்புறம் பழகிவிட்டது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சோப்பு நல்லாப் போக அலசுடா, இல்லேன்னா புள்ளைக்கு அரிக்கும்" என்றார்.