சுவார்ட்ஸ் ஐயரும் இரண்டு பையன்களும்



போன வாரம் பாடாலூர் பஸ் ஸ்டாப்பில் என்னிடம் படித்த ஒருவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. மகன் இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷமாக வீட்டில் இருக்கிறானாம். "நல்லாத்தான் படிச்சான் சார். ஆனா ஒரு ஆளைப் போய்ப் பார்த்துப் பேசுடான்னா பேச மாட்டேங்கிறான். வெங்காயத்தை மண்டியில போட்டு கமிஷன் போக என்ன நிக்குதுன்னு கணக்குப் பார்த்துட்டு வாடான்னா அதுவும் தெரியல. பள்ளிக்கூடத்துல என்னதான் சார் சொல்லிக் கொடுக்கிறீங்க?" என்றான். சிரித்துக்கொண்டேதான் கேட்டான். எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் நடத்தியவன் நான். பானிப்பட்டுப் போர்கள் மூன்றையும் வருஷத்தோடு ஒப்பிக்க வைத்திருக்கிறேன். அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த யோசனையில்தான் பழைய புத்தகங்களைப் புரட்டினேன். தஞ்சாவூரில் ஒரு பாதிரியார் வளர்த்த இரண்டு பையன்களின் கதை மறுபடி கண்ணில் பட்டது. பத்தாம் வகுப்பில் உங்களில் சிலருக்கு இதைப் பாதி சொல்லியிருப்பேன். மணி அடித்திருக்கும்.

பாதிரியார் பெயர் கிறிஸ்டியான் ஃபிரெடரிக் சுவார்ட்ஸ். நம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சுவார்ட்ஸ் ஐயர் என்பார்கள். 1726ல் பிரஷ்ய நாட்டில் பிறந்தவர். ஹாலே நகரத்தில் படித்து, 1750ல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1762ல் திருச்சிக்கு வந்து தங்கினார். அது எந்தக் காலம் என்றால், நம் ரஞ்சன்குடிக் கோட்டையில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டது 1751ல். அதற்குப் பதினோரு வருஷம் கழித்து. ஊரெல்லாம் சண்டை, வரி, பஞ்சம். திருச்சிக் கோட்டையில் வெடிமருந்து வெடித்துப் பலர் செத்தபோது, அநாதையாகிப்போன சிப்பாய்களின் பிள்ளைகளைச் சேர்த்துப் பள்ளி நடத்தினார். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கிறிஸ்து நாதர் ஆலயம் அவர் 1766ல் கட்டியது. தமிழ், மராத்தி, பாரசீகம், இந்துஸ்தானி எல்லாம் பேசுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவர் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்பதற்கு ஒரு சம்பவம் போதும். ஹைதர் அலி படையெடுப்புக் காலத்தில் தஞ்சைக் கோட்டைக்குள் சோற்றுக்கு வழியில்லை. வெளியே நெல் இருக்கிறது. ஆனால் முன்னே வாங்கியதற்குப் பணம் தராததால் குடியானவர்கள் நெல்லும் தரவில்லை, மாடும் தரவில்லை. ராஜா சொன்னாலும் நம்பவில்லை, கம்பெனி சொன்னாலும் நம்பவில்லை. கடைசியில் சுவார்ட்ஸ் கேட்டார். சில நாட்களிலேயே ஆயிரம் மாடுகளும் 80,000 கலம் நெல்லும் வந்து சேர்ந்தன. அவர் ஒவ்வொருவருக்கும் காசு கொடுத்து அனுப்பினார்.

இப்போது பையன்களுக்கு வருகிறேன்.

முதல் பையன் வேதநாயகம். 1774ல் திருநெல்வேலியில் பிறந்தவன். தகப்பனார் தேவசகாயம் ஒரு புலவர். 1785ல் பாளையங்கோட்டைக்குப் போன சுவார்ட்ஸ், பதினோரு வயதுப் பையனைத் தகப்பனாரிடம் கேட்டு வாங்கித் தஞ்சாவூருக்குக் கூட்டிவந்தார். பிறகு தரங்கம்பாடிக்குப் படிக்க அனுப்பினார். அங்கே ஜான், ராட்லர் என்று இரண்டு பாதிரிமார். ஜான் கடற்கரையில் சிப்பியும் மீனும் பொறுக்கி ஆராய்ச்சி செய்கிறவர். ராட்லர் செடிகொடி சேகரிப்பவர். வேதநாயகம் அங்கே வேதத்தோடு கணிதம், வானசாஸ்திரம், உடற்கூறு எல்லாம் படித்தான். பத்தொன்பது வயதில் தஞ்சைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியர் ஆனான். நாம் அந்த வயதில் பி.ஏ. இரண்டாம் வருஷம்.

இரண்டாவது பையன் சரபோஜி. 1777ல் பிறந்தவன். தஞ்சை மன்னர் துளஜா தன் பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு, 1787ல் சாகும் தருவாயில் இவனைத் தத்தெடுத்தார். பையனின் கையைப் பிடித்து சுவார்ட்ஸ் கையில் கொடுத்து, இனி இவன் உங்கள் பிள்ளை என்கிற மாதிரி ஒப்படைத்தார். சுவார்ட்ஸ் தயங்கினார். அரண்மனைப் பொறுப்பு தனக்குச் சரிப்படாது, உங்கள் தம்பி அமர்சிங் காப்பாளராக இருக்கட்டும் என்று யோசனை சொன்னார். அந்த யோசனைதான் பிறகு வினையாக வந்தது. அமர்சிங் தானே ராஜாவாகிவிட்டார். சிறுவன் சரபோஜி காற்றும் வெளிச்சமும் சரியாக இல்லாத அறையில் கிடந்தான். சொல்லிக்கொடுக்க ஆளில்லை. அரச குடும்பத்துப் பையனைக் கொல்ல வேண்டியதில்லை, படிக்கவிடாமல் செய்தாலே போதும் என்பது அமர்சிங் பக்கத்தாருக்குத் தெரிந்திருக்கிறது.

சுவார்ட்ஸ் விடவில்லை. கம்பெனிக்கு எழுதினார், போய்ப் பார்த்தார், மறுபடி எழுதினார். 1793ல் பையனைச் சென்னைக்கு அனுப்ப முடிந்தது. அங்கே கெரிக்கே என்ற பாதிரியார் படிப்பைக் கவனித்துக்கொண்டார். தான் தவறாகச் சொன்ன ஒரு யோசனையைத் திருத்த ஒரு மனிதர் ஐந்தாறு வருஷம் அலைந்தார் என்றுதான் இதை நான் வாசிக்கிறேன்.

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் இறந்தார். அடக்கத்துக்கு சரபோஜி வந்து நின்று அழுதார். ஓர் இந்து அரச குமாரன் அப்படி வருவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. அதே வருஷம் அவருக்குப் பட்டம் கட்டினார்கள். மறு வருஷமே ஆட்சியைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. கோட்டையும் சுற்றுப்புறமும் மட்டும் மிச்சம். இருபத்திரண்டு வயதில் ராஜா என்ற பெயர் மட்டும் இருக்கிற ஒருவன் என்ன செய்வான்? குடிக்கலாம், வேட்டையாடலாம். சரபோஜி சரஸ்வதி மகாலுக்கு நூல்கள் சேர்த்தார், தேவநாகரி அச்சுக்கூடம் வைத்தார், தன்வந்திரி மகாலில் வைத்தியம் ஆராயச் செய்தார்.

எனக்குப் பிடித்தது இவை எதுவும் இல்லை. 1801ல் அவர் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய ஒரு கடிதம். சத்திரங்களுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று கேட்டதற்குப் பதில். வழிப்போக்கர்கள் யாராவது சத்திரத்தில் இறந்துபோய்ப் பிள்ளைகள் அநாதையாக நின்றால், அந்தப் பிள்ளைகளை அங்குள்ள ஆசிரியர்களிடம் ஒப்படைக்கிறோம் என்கிறார். மூன்று வேளைச் சோறு. நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். நோய் வந்தால் மருந்து. எந்தக் கலையில் விருப்பம் என்று பிள்ளையைக் கேட்டு அதைக் கற்றுத் தருவது. அதில் தேறிய பிறகு கல்யாணச் செலவையும் சத்திரமே ஏற்பது. அதாவது, பிள்ளை பாஸ் ஆனதோடு கணக்கு முடியவில்லை. அவன் தனிக் குடும்பமாக உட்காரும்வரை பொறுப்பு. சத்திர தர்மம் தஞ்சை மராட்டியரின் பழைய வழக்கம்தான், பாதிரியார் கொண்டுவந்தது அல்ல. ஆனால் கை கோத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளையாக வளர்ந்தவன் எழுதிய கடிதம் அது என்பதை என்னால் மறக்க முடியவில்லை. சரபோஜி கடைசிவரை கிறிஸ்தவர் ஆகவில்லை. சுவார்ட்ஸ் அதற்காக அவரைக் கைவிட்டதும் இல்லை.

சுவார்ட்ஸ் நடத்திய மற்றப் பள்ளிகளிலும் இதே முறைதான். 1785 வாக்கில் ரெசிடெண்ட் சல்லிவனோடு சேர்ந்து தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை என்று மூன்று இடங்களில் ஆங்கிலப் பள்ளிகளுக்குத் திட்டம் போட்டார். மதம் மாற்ற வஞ்சகமான வழி எதுவும் கூடாது என்பது அதன் ஏற்பாடு. பிராமணப் பிள்ளைகளும் மராத்தியப் பிள்ளைகளும் வந்து படித்தார்கள். படித்தவர்கள் கம்பெனியிலும் அரண்மனையிலும் கணக்கெழுதப் போனார்கள். குமாஸ்தா படிப்பு என்று பின்னாளில் நாம் திட்டுவதற்கு அங்கேயும் ஒரு வேர் உண்டு, மறைப்பானேன்? ராமநாதபுரத்தில் அவர் பெயரில் இன்றும் நிற்கும் பள்ளியில்தான் அப்துல் கலாம் படித்தார். தன் ஆசிரியர் அய்யாதுரை சாலமனைப் பற்றிக் கலாம் எழுதியிருப்பதை நீங்கள் படித்திருப்பீர்கள்.

வேதநாயகம் என்ன ஆனார்? வேதநாயக சாஸ்திரியார் ஆனார். இன்றும் தேவாலயங்களில் அவர் பாட்டுகள் பாடப்படுகின்றன. பெத்லகேம் குறவஞ்சி பாடினார். குறவஞ்சி என்றால் குறத்தி குறி சொல்லும் நாடகம், தெரியும்தானே? அதற்குள் சூரியனைச் சுற்றிக் கிரகங்கள் ஓடும் கதையைக் கொண்டுபோய் வைத்தார், தரங்கம்பாடியில் படித்ததை. வேடிக்கை என்னவென்றால், சரபோஜியும் மராத்தியில் தேவேந்திர குறவஞ்சி என்று ஒன்று எழுதினார். அதில் குறத்தி உலக பூகோளம் சொல்கிறாள். இரண்டு பேருமே தெரிந்துகொண்டதைத் தெருவில் பாடுகிற வடிவத்தில் போட்டிருக்கிறார்கள். நான் பூகோளத்தை மேப்பில் கோடு போட்டு நடத்தினேன்.

ஆனால் ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும். தஞ்சை சபையில் சாதிக்கொரு இடம் என்று பிரித்து உட்காரும் பழக்கம் இருந்தது. சுவார்ட்ஸ் அதைக் கடுமையாக எதிர்க்கவில்லை, காலப்போக்கில் மாறும் என்று பொறுத்துக்கொண்டார். மாறவில்லை. பிறகு வந்த பாதிரிமார் சாதி கூடாது என்றார்கள். 1833ல் பிஷப் வில்சன் கண்டிப்பாகவே உத்தரவு போட்டார். அதை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர் சாஸ்திரியார். கிரகங்களின் ஓட்டத்தை ஒப்புக்கொண்ட மனிதரால் பக்கத்தில் ஒருவர் உட்காருவதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. வில்சன் உத்தரவுக்கு முன்பே அந்தத் தகராறில் மிஷன் வேலையும் போயிருந்தது. அப்போது அவரை ஆதரித்தவர் யார் தெரியுமா? சரபோஜி. அந்த நட்பு அழகுதான். ஆனாலும் சாஸ்திரியார் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த உறுத்தலும் சேர்ந்தே வருகிறது. மாணவன் தவறினானா, வாத்தியார் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டாரா? என் வகுப்பிலும் பெஞ்சுகள் எப்படிப் பிரிந்து உட்கார்ந்தன என்பது உங்களுக்குத் தெரியும். நான் பார்த்தும் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு.

தஞ்சாவூரில் சிவகங்கைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் சுவார்ட்ஸ் கட்டிய ஆலயம் இருக்கிறது. உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம். சரபோஜி, இங்கிலாந்துச் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சொல்லிச் செய்வித்தது. பாதிரியார் கட்டிலில் கிடக்கிறார். சரபோஜி குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். பாதிரியாரின் கல்லறைக் கல்லில் ஆங்கிலக் கவிதை வரிகள். அதையும் சரபோஜியே எழுதினார்.

பஸ் ஸ்டாப்பில் பார்த்த மாணவனுக்கு நேற்று போன் செய்தேன். அவன் மகனை வருகிற ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூருக்குக் கூட்டிப்போகிறேன் என்றேன். திருச்சியில் பஸ் மாறுவது, சாப்பாட்டுக் கடை பார்ப்பது, ஆலயத்தில் பேசி அனுமதி வாங்குவது, செலவுக் கணக்கு எழுதுவது எல்லாம் அந்தப் பையன் பொறுப்பு. நான் சும்மா கூட வருகிறேன். கூட வர விருப்பம் உள்ளவர்கள் சொல்லுங்கள், காலை ஆறு மணிக்குப் பாடாலூர் பஸ் ஸ்டாப்.