ஆறுகளில் ஓடம் செல்லுமா?

நம் குலத்து முன்னோர் ஓடமும் பரிசலும் கொண்டு துறைகளில் வாழ்ந்தவர் என்று பெரியோர் சொல்லுங்கால், நம் இளைஞருள் சிலர், "மணலோடும் ஆற்றில் ஓடம் எவ்வாறு செல்லும்?" என்று நகைக்கின்றனர். இவ்வையம் நம் குலத்தொழிலின் மெய்ம்மையையே தொடுவதாதலின், இதனைச் சிறிது ஆராய்வோம்.

ஓர் ஆறு கலஞ்செல்லத் தக்கதாவது அதன் நீளத்தாலன்று. நீரின் ஆழம், நீரோடும் மாதங்கள், படுகையின் சரிவு, இடைப்பட்ட பாறைகள் ஆகியவற்றால் அமைவது. எவ்வகைக் கலம் என்பதும் உடன் கேட்கத்தக்கது. சரக்குப் படகு தரைதட்டும் இடத்தும் பரிசல் மிதந்து செல்லும். ஒகேனக்கலில் இன்றும் அதனைக் காணலாம்.

உப்பு விற்று நெல் கொணர்ந்த படகுகள் காவிரிப்பூம்பட்டினத்தில் கட்டப்பட்டிருந்தமையைப் பட்டினப்பாலை கூறுகின்றது. ஆதலின் கழிமுகத்திற் படகு வாணிகம் நிகழ்ந்தமை தெளிவு. அதுகொண்டு காவிரி முழுவதும் கலம் சென்றது என்பாரேல், அது மிகையாகும்.

இவ்விரு நிலைகளையும் ஒருங்கே காட்டுவது கோதாவரியின் சரித்திரம். 1836-ல் கொள்ளிடத்தில் அணைகட்டிய ஸர் ஆர்தர் காட்டன் துரை, 1847-ல் தவளேசுவரத்தில் தொடங்கிய அணை 1852-ல் முடிவுற்றது. அதன் கால்வாய்கள் பயிருக்கும் படகுக்கும் ஒருங்கே பயன்பட்டன. நீர்மட்டம் மாறுமிடங்களில் இரட்டைக் கதவுகள் அமைத்துப் படகுகளை ஏற்றியும் இறக்கியும் விட்டனர். இதனால் ஊக்கமுற்று, நடுநாட்டுப் பருத்தியைக் கடற்கரைக்குக் கொணர மேல் கோதாவரியையும் திருத்தப் புகுந்தனர். மூன்று பாறைத் தடைகள் வழிமறித்தன. பெரும்பொருள் செலவிட்டும் அவ்வேலை 1871-ல் கைவிடப்பட்டது. ஆறு ஒன்றே, கீழே வழியாயிற்று, மேலே ஆகவில்லை.

நிற்க. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகளாக வகுத்தது. காவிரி–கொள்ளிடம், தாமிரபரணி, வைகை முதலியனவும் அவற்றுட் சேர்ந்தன. சட்டம் பெயர் கொடுக்கும், நீர் கொடாது. பயிருக்கே போதாத நீரைப் படகுக்கென ஆற்றில் நிறுத்துதல் எளிதன்று.

அங்ஙனமாயின் நம் முன்னோர் செய்தது யாது? ஆற்றின் வழியே நெடுந்தூரம் செல்லுதலினும், ஆற்றைக் கடத்துவித்தலே துறைக்காரர்க்குப் பெரும்பணி. பாலங்கள் எழுமுன், வெள்ளக் காலத்தில் இருகரையையும் இணைத்தது ஓடமே. அதற்கு நெடுவழி ஆழம் வேண்டா. துறையறிவும் நீரோட்டம் அறிந்த கையும் வேண்டும். இது நகைத்தற்குரியதன்று.

ஆதலின் அன்பர்காள்! நம் வீடுகளில் ஓடத்துறைக் குத்தகைச் சீட்டு, பழங்கணக்கு முதலியன இருப்பின் செல்லரிக்க விடாது பேணுவீராக. வீண் பெருமையும் வேண்டா, வீண் நாணமும் வேண்டா; சான்றோடு கூடிய சரித்திரமே நம் மக்கட்கு நாம் விட்டுச்செல்லும் செல்வமாகும்.