எதிர்க்கட்சி வரிசையில் 31 ஆண்டுகள்: கர்ப்பால் சிங் நமக்கு விட்டுச் சென்றது என்ன?



நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வேலை என்ன என்று நம் மக்களிடம் கேட்டுப் பாருங்கள். கால்வாய் அடைத்தால் வந்து பார்க்க வேண்டும், கோயில் திருவிழாவுக்கு மானியம் வாங்கித் தர வேண்டும், பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை என்றால் கடிதம் எழுதித் தர வேண்டும் என்பார்கள். தவறில்லை. மக்களுக்குத் தேவை இருக்கிறது, கேட்கிறார்கள். ஆனால் நாடாளுமன்றம் என்பது சட்டம் இயற்றும் இடம். அங்கே இயற்றப்படும் ஒரு சட்டம் நம் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பலாம், தூக்குமேடைக்கும் அனுப்பலாம். அந்தச் சட்டம் விவாதத்துக்கு வரும்போது நம் உறுப்பினர் என்ன பேசினார் என்று நாம் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஒருவருடைய அரசியல் வாழ்க்கையைப் பார்ப்போம். அவர் கர்ப்பால் சிங்.

காவலாளியின் மகன்

1940ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர். தந்தை பஞ்சாபிலிருந்து வந்து காவலாளி வேலை பார்த்தவர், மாடுகளும் வளர்த்தவர். செயிண்ட் சேவியர்ஸ் பள்ளியில் படித்த மகன், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1969இல் வழக்கறிஞரானார். அது மே 13 கலவரம் நடந்த ஆண்டு. அடுத்த ஆண்டே ஜனநாயக செயல் கட்சியில், அதாவது ஜசெகவில் சேர்ந்தார்.

1974இல் கெடாவில் சட்டமன்ற உறுப்பினர். 1978இல் பினாங்கு ஜெலுத்தோங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அங்கே 1978, 1982, 1986, 1990, 1995 என ஐந்து முறை வெற்றி. 1999இல் தோல்வி. பிறகு 2004, 2008, 2013 என புக்கிட் குளுகோரில் மூன்று முறை வெற்றி. ஆக எட்டு வெற்றிகள், ஏறத்தாழ 31 ஆண்டுகள். ஒரு நாள்கூட அமைச்சராக இருந்ததில்லை. கூட்டரசு நாடாளுமன்றத்தில் அரசாங்க வரிசையில் உட்கார்ந்ததே இல்லை.

இதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜெலுத்தோங், புக்கிட் குளுகோர் இரண்டிலும் பெரும்பான்மை வாக்காளர்கள் சீனர்கள். அவர்கள் எட்டு முறை தேர்ந்தெடுத்தது ஒரு சீக்கியரை. நம் நாட்டில் இனம் பார்த்துத்தான் வாக்களிப்பார்கள் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்கலாம்.

‘ஜெலுத்தோங் புலி’ என்ற பெயர் எப்படி வந்தது? அதில் நம்மவருக்கும் பங்கு உண்டு. நாடாளுமன்றத்தில் டத்தோ ஸ்ரீ சாமிவேலுவுக்கும் இவருக்கும் நடந்த வாக்குவாதத்தில் சிங்கம் என்ற பேச்சு வந்ததாம். நீங்கள் சிங்கமாகவே இருங்கள், நான் புலியாக இருக்கிறேன், இந்த நாட்டில் சிங்கம் கிடையாதே என்று தாம் பதில் சொன்னதாகக் கர்ப்பாலே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெயர் நிலைத்துவிட்டது.

பட்டப்பெயரை விட்டுவிட்டு அவர் எடுத்த நிலைப்பாடுகளுக்கு வருவோம். நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொன்றுக்கும் அவர் என்ன விலை கொடுத்தார், காலம் பிறகு என்ன தீர்ப்புச் சொன்னது என்று பார்ப்போம்.

ஒன்று: விசாரணை இல்லாத சிறை

உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நாம் எல்லாரும் அறிந்த ‘இசா’, 1960இல் வந்தது. நீதிமன்றத்தில் நிறுத்தாமலே ஒருவரை இரண்டிரண்டு ஆண்டுகளாக அடைத்து வைக்க அது உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் கொடுத்தது. கர்ப்பால் தொடக்கத்திலிருந்தே அதை எதிர்த்தார். 1987 அக்டோபரில் ‘ஓப்பராசி லாலாங்’ நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டபோது அவரும் பிடிபட்டார். நம் மக்களுக்கு நன்கு தெரிந்த வி.டேவிட், பி.பட்டு ஆகியோரும் அதில் அடக்கம். மூன்று நாளிதழ்களின் உரிமமும் பறிக்கப்பட்டது.

கமுந்திங்கில் இருந்தபடியே கர்ப்பால் ஆட்கொணர்வு மனு போட்டார். அவரைத் தடுத்து வைக்கச் சொல்லப்பட்ட ஆறு காரணங்களில் ஒன்று தவறானது என்று தெரிந்தது. 1988 மார்ச் 9ஆம் நாள் ஈப்போ உயர் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அன்றைக்கே மீண்டும் கைது செய்தார்கள்! அமைச்சரின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றமும் அமைச்சர் பக்கமே தீர்ப்பளித்தது. 1989 ஜனவரியில்தான் அவர் வெளியே வந்தார். அதே ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டு, நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டதா என்பதைத் தவிர வேறு எதையும் நீதிமன்றம் கேட்க முடியாது என்று ஆக்கப்பட்டது.

இருபது ஆண்டுகள் கழித்து அதே சட்டம் நம் வாசலுக்கே வந்தது. 2007 நவம்பர் 25 ஹிண்ட்ராஃப் பேரணிக்குப் பிறகு, டிசம்பரில் அதன் தலைவர்கள் ஐவர் கமுந்திங்குக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் முன்நின்றவர், அப்போது சக்கர நாற்காலியில் இருந்த கர்ப்பால். ஆம், 2005இல் நடந்த ஒரு சாலை விபத்து அவருடைய நடமாட்டத்தைப் பறித்திருந்தது. குரலைப் பறிக்கவில்லை.

2012இல் இசா அகற்றப்பட்டது. அதன் இடத்துக்குச் சொஸ்மா வந்தது, 2015இல் போத்தாவும் வந்தது. எனவே முழு வெற்றி என்று சொல்வதற்கில்லை. ஆனாலும் 52 ஆண்டுகள் அசைக்க முடியாது என்றிருந்த ஒரு சட்டம் போனது.

இரண்டு: கட்டாய மரண தண்டனை

போதைப்பொருள் கடத்தலுக்கு மரண தண்டனையைத் தவிர வேறு தண்டனையே கிடையாது என்ற நிலை 1983இல் வந்தது. நீதிபதி விரும்பினாலும் இரக்கம் காட்ட முடியாது. போதைப்பொருளுக்கு எதிராகப் பேசுவது எளிது; கைதட்டல் கிடைக்கும். கடத்தல்காரன் உயிருக்காகப் பேசினால் வாக்கு போகும். கர்ப்பால் இரண்டாவதைச் செய்தார்.

1986இல் ஆஸ்திரேலியர்கள் பார்லோ, சேம்பர்ஸ் இருவரும் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். பார்லோவுக்காக வாதாடியவர் கர்ப்பால். அடுத்த ஆண்டு, இத்தகைய கைதிகளுக்கு மன்னிப்பு வழங்கப்போவதில்லை என்று சிலாங்கூர் சுல்தான் கூறியதை எதிர்த்து, அது அரசியலமைப்புக்கு முரண் என்று அறிவிக்கும்படி வழக்கே தொடுத்தார். வழக்கு தள்ளுபடியானது. தூக்குத் தண்டனை பெற்றவனுக்குக் கடைசி வாசல் கருணை மனு. அந்த வாசலைக் கேட்காமலே அடைக்கக் கூடாது என்பதே அவர் வாதம்.

2023இல் நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை அகற்றியது. மரண தண்டனை இன்னும் இருக்கிறது. ஆனால் உயிரா சிறையா என்று முடிவு செய்யும் உரிமை நீதிபதிக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதைக் காணக் கர்ப்பால் இல்லை.

மூன்று: கட்சித் தாவல்

2008 தேர்தலில் எதிரணி பெரும் வெற்றி பெற்றது. தேசிய முன்னணி உறுப்பினர்களைத் தம் பக்கம் இழுத்துச் செப்டம்பர் 16ஆம் நாள் ஆட்சி அமைப்போம் என்றார் அன்வார் இப்ராகிம். எதிரணியில் பலருக்கும் உற்சாகம். கூடாது என்று சொன்னவர் கர்ப்பால். இத்தனைக்கும் அவர் அன்வாரின் வழக்கறிஞர், தம் கட்சியின் தலைவர். வாக்காளர் ஒரு சின்னத்துக்குப் போட்ட வாக்கை இன்னொரு சின்னத்துக்கு எடுத்துக்கொண்டு போவது யார் செய்தாலும் தவறு என்பது அவர் நிலை.

சில மாதங்களில் அவர் சொன்னது பேராவில் நடந்தது. முதலில் அம்னோ சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பக்காத்தான் பக்கம் வந்தார். அப்போதும் கர்ப்பால் கண்டித்தார். 2009 பிப்ரவரியில் பக்காத்தானின் மூவர் விலகினார்கள். ஆட்சி கவிழ்ந்தது. நாம் திறந்த கதவு வழியாகத்தான் நம் வீட்டிலும் திருடன் நுழைந்தான் என்று பலருக்கும் அப்போதுதான் புரிந்தது.

2020இல் கூட்டரசு ஆட்சியே அப்படிக் கவிழ்ந்த பிறகுதான் நாட்டுக்குப் புத்தி வந்தது. 2022இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, கட்சி தாவும் நாடாளுமன்ற உறுப்பினர் தம் இடத்தை இழப்பார் என்று சட்டமானது.

நான்கு: எல்லாருக்கும் மேலே அரசியலமைப்பு

மலேசியா இஸ்லாமிய நாடு அல்ல. இஸ்லாம் கூட்டரசின் சமயம், மற்றச் சமயங்களைப் பின்பற்றவும் உரிமை உண்டு, நாட்டின் சட்டம் சமயச் சார்பற்றது என்று கர்ப்பால் ஓயாமல் வாதிட்டார். 1988இல் சே ஒமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். 1990இல் இஸ்லாமிய நாடு அமைப்பதானால் என் பிணத்தின் மீதுதான் என்று அவர் பேசியது பெரும் சர்ச்சையானது.

இங்கே அவர்மீது வைக்கப்படும் குறையையும் சொல்ல வேண்டும். கூட்டணி அரசியலுக்கு அவர் நாக்கு ஒத்துவராது, சொல்ல வேண்டியதை மெதுவாகச் சொல்லத் தெரியாது, எதிரணி ஒற்றுமையை அவர் பேச்சு பல முறை சோதித்தது என்பார்கள். அதில் உண்மை உண்டு. 1999இல் பாஸ் கட்சியோடு ஜசெக கூட்டுச் சேர்ந்தது. சீன வாக்காளர்கள் பலர் அஞ்சினார்கள். கர்ப்பாலும் லிம் கிட் சியாங்கும் அந்தத் தேர்தலில் தோற்றார்கள். 2001இல் ஜசெக அந்தக் கூட்டணியிலிருந்து விலகியது.

பேரா விவகாரத்தில், சுல்தானின் முடிவை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியும் என்று ஒரு செய்தியாளர் கூட்டத்தில் சொன்னார். அதற்காகத் தேச நிந்தனைக் குற்றச்சாட்டு வந்தது. 2010இல் விடுதலை. மேல்முறையீட்டில் வழக்குக்கு மறுபடி உயிர் வந்தது. 2014 பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு. மார்ச்சில் 4,000 ரிங்கிட் அபராதம். 2,000 ரிங்கிட்டோ அதற்கு மேலோ அபராதம் என்றால் நாடாளுமன்றப் பதவி பறிபோகும். மேல்முறையீடு செய்துவிட்டு, கட்சித் தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார்.

சில வாரங்களில், ஏப்ரல் 17ஆம் நாள் அதிகாலை, பினாங்கு செல்லும் வழியில் கம்பார் அருகே வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் நடந்த விபத்தில் காலமானார். வயது 73. வழக்கு மட்டும் சாகவில்லை. குடும்பத்தார் அதை விடாமல் நடத்தினார்கள். 2019இல் கூட்டரசு நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. இறந்து ஐந்து ஆண்டு கழித்துக் கிடைத்த நீதி.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

நேயர்களே, இந்த மாற்றங்களையெல்லாம் கர்ப்பால் தனி ஆளாகக் கொண்டுவந்தார் என்று நான் சொல்லவில்லை. வழக்கறிஞர் மன்றம், மனித உரிமை இயக்கங்கள், சிறைக்குப் போனவர்கள், அவர்களுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் என்று பலருடைய உழைப்பு அதில் இருக்கிறது. பிற்காலத்தில் சட்டத்தை மாற்றிய அரசாங்கங்களுக்கும் பங்கு உண்டு. ஆனால் யாரும் கேட்காத காலத்தில் நாடாளுமன்றத்தில் ஒருவர் எழுந்து சொன்னால்தான் அது ஹன்சார்ட்டில் பதிவாகும். பதிவானது பிறகு விதையாகும்.

தோற்கும் என்று தெரிந்த வாக்கெடுப்பிலும் எழுந்து நிற்பதால் என்ன பயன் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 1983இல் எழுந்து நின்றவர்களுக்கும் அன்று பயன் தெரியவில்லை. நாற்பது ஆண்டு கழித்துத் தெரிந்தது.

ஆகவே அடுத்த முறை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் உங்கள் குடியிருப்புக்கு வரும்போது, கால்வாயைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: போன கூட்டத்தொடரில் எந்தச் சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தீர்கள், எதற்கு எதிராக, ஏன்? நாடாளுமன்ற ஹன்சார்ட் இணையத்திலேயே கிடைக்கிறது. அவர் சொல்லும் பதிலை வீட்டுக்கு வந்து சரிபார்த்துக்கொள்ளலாம்.